எந்த நேரமானாலும்

எந்த நேரமானாலும் கூப்பிடு,
எங்கிருந்தாலும் வருகிறேன்,
ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.
கெருஷா ஒன்பதாம் வகுப்புக்குப் போன வாரம்
சத்தியம் செய்து கொடுத்தேன்.
பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்குத் தந்த தாளில்
அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தது.
தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.
உள்ளே உறைந்துகொண்டிருந்த பனிக்கட்டி
யாருக்கென்று தாள் கேட்கவில்லை.

சனிக்கிழமை இரவு, ஒன்றேகால்.
"அப்பா, வாங்க."
பின்னால் இசை இடித்தது.
யாரோ சிரித்தார்கள், சிரிப்பு மாதிரி இல்லை அது.
சட்டையை மாட்டினேன், சாவியை எடுத்தேன்,
கார் கதவில் சாவித்துளை
இரண்டாகத் தெரிந்தது.

மூன்று பெக். ரக்பி பார்த்தபடி மூன்று.
நான்காவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை,
அது ஆட்டம் முடிந்த பிறகு.

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில்
அந்நேரத்துக்கு விளக்கெரியும் வீடு ஒன்றுதான்.
மோகம்பரி அக்கா. ரொட்டி ஆலையில்
மூன்று மணி ஷிஃப்ட்.
அவள் வீட்டு வெளிக்குழாய்க்கு இரும்புக் கூண்டு உண்டு,
கூண்டுக்குப் பூட்டு உண்டு.
சுகர்ஸ் வாங்கக் காசில்லாமல்
பித்தளைக் குழாயை இரண்டு முறை கழற்றி விற்றவன்
வெளியாள் இல்லை.
தெருவே பேசியது. நானும்தான்,
பிள்ளை வளர்த்த லட்சணத்தைப் பார் என்று.

அந்தக் கதவைத் தட்டினேன்.
நான் வாய் திறக்கும் முன்பே
என் வாய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கும்.
மாவு படிந்த மேலங்கியை மாட்டிக்கொண்டு
"எங்கே?" என்றாள்.
அது ஒன்றுதான் கேட்டாள்.

அவளுடைய பழைய பக்கி வண்டியில்
முன்னால் ஒரே நீள இருக்கை.
மால்வெர்னில் ஒரு மதிலோரம்,
தெருவிளக்குக்கு நேர் கீழே,
ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.
ஏறி எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.
ஒரு பக்கம் மாவு வாசனை.
மறுபக்கம் நான்.

யார் வீடு, பெரியவர்கள் யாரும் இல்லையா,
என்ன கொடுத்தார்கள், எவ்வளவு,
நாக்கு நுனியில் வரிசையில் நின்றன கேள்விகள்.
சத்தியம். விழுங்கினேன்.

"நம்ம கார் எங்கேப்பா?"

கேட்க மாட்டேன் என்றது நான்தான்.
அவள் அப்படி ஏதும் சொன்னதில்லை.

பேட்டரி என்று சொல்ல வாயெடுத்தேன்.
மோகம்பரி அக்கா சாலையைப் பார்த்தபடி
கியர் மாற்றினாள்.
"குடிச்சிருக்கேன்மா. அதான்."
"தெரியும். சனிக்கிழமையாச்சே.
அதனாலதான் கூப்பிட
ஒரு மணி நேரம் யோசிச்சேன்."

ஒரு மணி நேரம்.
கதவு தாழிட்டிருந்ததா அந்த வீட்டில்,
குளியலறையில் ஒளிந்திருந்தாளா,
போனில் என் பெயரைப் பார்த்துப் பார்த்து
எத்தனை தடவை அணைத்தாள்?
எதையும் நான் கேட்க முடியாத
ஒரு மணி நேரம்.

ஹிகின்சன் நெடுஞ்சாலை சிக்னல்.
சிவப்பு. ஆளில்லாத சாலை.
இந்நேரத்தில் இங்கே யாரும் நிற்பதில்லை,
நிற்கிற வண்டியைத்தான் பிடுங்குவார்கள்.
அக்கா நிறுத்தினாள்.

"டாஷ்மிகாவுக்கு எதையோ புகைக்கக் கொடுத்தாங்க.
தட்டித் தட்டிப் பார்த்தேன், எழுந்திரிக்கல.
அவ அக்காவுக்கு நான்தான் போன் பண்ணேன்.
நான் பீர் ஒரு மடக்கு. பிடிக்கல.
எல்லாரும் குடிக்கறாங்களேன்னு இன்னொரு மடக்கு.
அப்பவும் பிடிக்கல.
எப்படிப்பா உங்களுக்குப் பிடிக்குது?"

பச்சை விழுந்தது.
வண்டி நகரவில்லை.
பதில் தேடிக்கொண்டிருந்தேன்.
மறுபடி சிவப்பு.
"எனக்கும் பிடிக்கல" என்றேன்,
அது உண்மையா என்று தெரியாமலே.
மறுபடி பச்சை.
அக்காவுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.
அவள் கை கியரில் இல்லை,
கெருஷாவின் முழங்காலில் இருந்தது.

பாட்டிலைக் கொட்டிவிட்டேன் என்று எழுதினால்
கவிதை நன்றாக முடியும்.
கொட்டவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது.
அவளுக்கும் தெரியும்.
அடுத்த சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும்
வெளியே போய் நின்று பார்த்தேன்.
சாவித்துளை ஒன்றாகவே இருந்தது.
அதற்கடுத்த சனிக்கிழமை
இன்னும் வரவில்லை.